வன்தட்டுக்கு ஏன் ஓய்வில்லை?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் வீட்டுக்கே வந்தது. கைமாறிய பழைய மடிக்கணினியாவது ஒன்று வேண்டுமென்று தேடி வாங்கிய குடும்பங்கள் தோட்டப்புறங்களிலும் உண்டு. அத்தகைய கணினிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை இது: "திறந்து அரை மணி நேரமாகியும் நகர மாட்டேன் என்கிறது. நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. 'டிஸ்க்' மட்டும் நூறு விழுக்காடு என்று காட்டுகிறது."

உடனே யாராவது, "படங்களை அழித்துவிடு" என்று யோசனை சொல்வார். அழித்தும் பெரும்பாலும் பயனிராது. ஏன்?

தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். அங்கே கூரை வரை உர மூட்டை அடுக்கியிருப்பது ஒரு செய்தி. ஸ்டோர் கிராணி ஒரு நிமிடமும் உட்காராமல் ஓடிக்கொண்டிருப்பது வேறொரு செய்தி. நூறு விழுக்காடு என்பது இரண்டாவது செய்தி. கிராணி ஓடுகிறார் என்பதற்காக மூட்டைகளை வெளியே வீசுவாரா?

பழைய கணினியில் தகவல்களைச் சேர்த்து வைப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு. அது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர்ந்து தகவலை எடுக்கிறது. சிதறிக் கிடக்கும் துணுக்குகளைத் தேடுவதானால், வினாடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் அந்தக் கையால் போய்வர முடியும். நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு மூலைப் பொருளைக் கேட்டால், கிராணி திணறத்தானே செய்வார்?

கேட்பவர் யார் என்பதைக் கணினியே சொல்லும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் கேட்பவர் மேலே வந்து நிற்பார். பெரும்பாலும் அவர் நமக்கு வேண்டியவராகவே இருப்பார்: விண்டோஸின் புதுப்பிப்பு, கிருமிநிரல் சோதனை, கோப்புகளுக்குத் தேடல் அட்டவணை போடும் வேலை. பல நாள் மூடி வைத்திருந்துவிட்டு, பிள்ளை பாடம் செய்ய உட்காரும்போது திறந்தால் மூன்றும் ஒருசேரப் புறப்படும். ஆகவே, ஒரு மணி நேரம் முன்னதாகவே மின்சாரத்தில் இணைத்துத் திறந்து விட்டுவிடுங்கள். பொறுமையிழந்து நடுவில் அணைத்தால், பாதியில் நின்ற புதுப்பிப்பு கணினியை எழவிடாமலும் செய்துவிடலாம்.

அதே பட்டியலில் 'மெமரி' தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறதா? மெமரி என்பது கிராணியின் மேசை. மேசையில் இடமில்லாதபோது ஒவ்வொன்றுக்கும் ஸ்டோருக்குள் ஓடவேண்டும். 4 கிகாபைட் மெமரியில் பத்துப் பதினைந்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்தால் இந்த நிலை வரும். வேண்டாதவற்றை மூடினாலே தணியும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பட்டியலில் யாருமே அதிகம் கேட்கவில்லை. ஆனாலும் நூறு இறங்கவில்லை. உள்ளே 'டக், டக்' என்று ஒலியும் கேட்கிறது என்றால் வன்தட்டே பழுதாகி வருகிறது என்று கொள்ளலாம். அப்போது வேறெதையும் தொடாமல், பிள்ளையின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் முதலில் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். 'கணினியை வேகமாக்குகிறோம்' என்று திரையில் குதிக்கும் விளம்பரங்கள் பக்கமே போகாதீர்கள். அவற்றை நான் எப்போதுமே நம்புவதில்லை. பிறகு லோயாட் பிளாசாவுக்கோ கிள்ளானில் தெரிந்த கடைக்கோ போகலாம். முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், நகல் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தலையாட்டுங்கள்.

சுழலும் தட்டு சிலாங்கூருக்குப் புதிதன்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலேயே அதைச் செய்துவந்தது. தேவை குறைந்துவிட்டதால் 2019 இறுதிக்குள் அந்த ஆலையை மூடுவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. அதன் இடத்தைப் பிடித்த எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பில் சுழல்வதும் இல்லை, கையும் இல்லை; வினாடிக்குப் பல்லாயிரம் முறை தகவல் எடுக்கும். பழைய கணினிக்குப் பணம் செலவழிப்பதானால் முதலில் இதற்கே செலவழிக்கலாம்.

மாற்றிய பிறகு பழைய தட்டைக் கடையில் விட்டுவராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அடையாள அட்டையின் நகலும் வங்கித் தாள்களும் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கும்.