மின்சாரம் மலையில், மென்பொருள் கொழும்பில்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்த செய்தியோடு பலருக்கு அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆனால் ஓரிடத்துத் தடங்கல் நாட்டையே இருளாக்கும் அளவுக்கு மின்கட்டமைப்பு ஏன் மெலிந்திருந்தது? விடுமுறை நாளில் மின் தேவை குறைவு. கூரைமேல் சூரிய மின்படலங்களோ உச்ச உற்பத்தியில் இருந்தன. நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் கனத்த இயந்திரங்கள் திடீர் அதிர்ச்சியைச் சற்று நேரம் தாங்கிக்கொள்ளும். சூரிய மின்படலத்தில் சுழல்வது எதுவும் இல்லை. அதனால்தான் அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் கூரை மின்னுற்பத்தியை நிறுத்திவைக்கும்படி மக்களிடம் வேண்டுகோள் விடுக்க வேண்டி வந்தது. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அந்த இலக்குக்கு மின்படலங்களை விடவும் அவசரமாகத் தேவைப்படுவது கணிப்பு.

பசுமைத் தொழில்நுட்பத்தில் மென்பொருள் முகாமையாளர் செய்யும் வேலை இதுதான். நாளை நண்பகலில் வெயில் எவ்வளவு, மாலையில் வீடுகளில் விளக்கெரியும்போது தேவை எவ்வளவு, அதுவரை எந்த நீர்த்தேக்கத்தில் தண்ணீரை மறித்து வைக்கலாம் என்று மணிக்கு மணி சொல்லும் மென்பொருளை ஒரு குழுவை வைத்து உருவாக்குகிறார். நிரல் எழுதுவது அவருடைய வேலையில் சிறு பங்கு. எதை அளப்பது, எந்த அளவை நம்புவது, எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்ற தீர்ப்புகளே பெரும்பங்கு. ஆகவே நல்ல முகாமையாளரின் ஆர்வம் கணினியோடு நிற்பதில்லை. மழை, ஆறு, காற்று எல்லாம் அவருடைய பாடங்கள். தென்மேற்குப் பருவமழை அட்டனிலும் தலவாக்கலையிலும் கொட்டும் மாதங்களில் ராகலைப் பக்கம் காய்ந்த காற்று வீசும்; உடப்புசல்லாவைத் தேயிலைக்கு மணம் ஏறும் பருவமும் அதுதான். ஒரே நுவரெலியா மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு வானம் இருப்பது இங்கே கொழுந்தெடுக்கும் எவருக்கும் தெரியும்.

மென்பொருளுக்கு ஊர் ஏது, தரவு வந்தால் கொழும்பிலிருந்தே செய்யலாமே என்பார்கள். தரவு தானாக வந்துவிடாது. மழைமானியை எந்தச் சரிவில் வைப்பது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். தோட்டத்து ஆபீசுகளில் நெடுங்காலமாக எழுதிவரும் மழைக் கணக்குகளுக்கு மதிப்புண்டு என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். லயத்து அடுப்பில் இன்னும் எரியும் விறகும் எரிசக்திக் கணக்கில் சேர வேண்டும் என்று ஒருவர் கேட்க வேண்டும். மலையைப் படித்தறிந்து எந்த வெளியூராரும் இதைச் செய்யலாம்தான். ஆனால் 1950இல் லக்சபானவும் 2012இல் 150 மெகாவாட் மேல் கொத்மலையும் மின்சாரம் தரத் தொடங்கிய இந்த மலையிலிருந்து அந்த முகாமையாளர் இருக்கைக்குப் போவோர் ஏன் இத்தனை குறைவு?

என் கவலை முழுதும் உயர்தர வகுப்பில்தான் வந்து முட்டுகிறது. அந்த வேலைக்கு வழி திறக்கும் பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனம் வேண்டும். பெருந்தோட்டத் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதப் பிரிவு உள்ளவை சில. பிரிவு இருந்தும் ஆசிரியர் இல்லாதவையும் உண்டு. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, வேறு வழியில்லாமல் கலைப் பிரிவில் சேர்கிறது. பின்தங்கிய மாவட்டம் என்று நுவரெலியாவுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு இருக்கிறதே என்றால், பரீட்சை எழுத முடிந்தவருக்குத்தான் அது உதவும். நகரத்தில் விடுதி எடுத்துப் படிக்கலாம் என்றால், 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தைப் போன்ற வருமானத்தில் விடுதிக்கும் தனியார் வகுப்புக்கும் எப்படிக் கட்டுவது? ராகலை, வலப்பனை பக்கத்துப் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியரோடு ஒரு தமிழ்மொழிக் கணிதப் பிரிவு வேண்டும். மலைக்கு நியமனம் பெறும் ஆசிரியர் இரண்டாம் வருடமே மாற்றலாகிப் போகாதிருக்க, தங்குவதற்கு வீடும் சேர்த்தே தர வேண்டும்.