ரக்பி பிரீமியர் லீக், 2025

ரக்பி பிரீமியர் லீக் என்பது இந்தியாவில் நடத்தப்படும் தொழில்முறை எழுவர் ரக்பித் தொடர் ஆகும். இதன் முதற் பருவம் 2025 ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் ஜூன் 29 வரை மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் நடைபெற்றது. சென்னை புல்ஸ், டெல்லி ரெட்ஸ், பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸ், ஐதராபாத் ஹீரோஸ், மும்பை டிரீமர்ஸ், கலிங்கா பிளாக் டைகர்ஸ் ஆகிய ஆறு அணிகள் பங்கேற்றன. இறுதியாட்டத்தில் சென்னை புல்ஸ் அணி டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்ற புள்ளிக் கணக்கில் வென்று முதல் வாகையர் ஆனது.

இந்தியாவில் ரக்பி ஆடுவோர் மிகப் பெரும்பாலும் ஊதியம் இன்றியே ஆடி வந்தனர். ஆகவே இப்பருவத்தின் முதன்மை, யார் வென்றார் என்பதைவிட, ஓர் ஆட்டக்காரர் இவ்விளையாட்டால் பிழைக்க இயலுமா என்ற கேள்வியில் உள்ளது.

பெயர் பற்றிய விளக்கம்

தொடரின் பெயரில் உள்ள "லீக்" என்ற சொல் குழப்பம் தரக்கூடியது. உலகில் ரக்பி இரு தனி விளையாட்டுகளாக உள்ளது. ஒன்று ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். மற்றது ரக்பி லீக். அணிக்கு 13 பேர். ஆத்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்கும் இங்கிலாந்தின் சூப்பர் லீக்கும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதில் பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடித்து வீழ்த்தப்பட்டால், பந்தை எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்தியத் தொடரில் ஆடப்படுவது ரக்பி யூனியனின் சிறு வடிவமான எழுவர் ரக்பி. இங்கே "லீக்" என்பது சுழல்முறைத் தொடர் என்ற பொருளில் மட்டுமே வருகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஆயினும் ரக்பி லீக் தோன்றிய காரணம் இந்தியத் தொடரைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. அது கீழே தரப்பட்டுள்ளது.

ஆட்ட முறை

எழுவர் ரக்பி 1883 இல் இசுக்கொட்லாந்தின் மெல்ரோசு என்னும் ஊரில் பிறந்தது. நெட் ஹெய்க் என்ற இறைச்சி வணிகர், தம் கழகத்தின் பணமுடையைத் தீர்க்க ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடத்தலாம் என எண்ணினார். பதினைந்து பேர் அணிகளைக் கொண்டு அது முடியாது என்பதால் ஆட்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2016 இல் ரியோ டி செனீரோவில் இவ்வடிவம் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது.

ஆட்களைக் குறைத்தவர்கள் திடலைக் குறைக்கவில்லை. ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட அதே திடலில் இரு அணிகளிலும் சேர்த்து 14 பேரே ஓடுகின்றனர். ஓர் ஆளுக்கு 500 சதுர மீட்டர். கபடியிலும் அணிக்கு ஏழு பேர்தான். ஆனால் ஆடவர் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், ஓர் ஆளுக்குச் சுமார் 9 சதுர மீட்டர். இரண்டிலும் எதிரியைப் பிடித்து நிறுத்துவதே காப்பு. கபடியில் பிடிக்க ஆள் எப்போதும் அருகில் இருப்பார். எழுவர் ரக்பியில் ஒருவர் பிடியை விட்டுவிட்டால், அவருக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்றிடமே இருக்கும்.

பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தரவேண்டும். முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும் அல்லது உதைக்க வேண்டும். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் "டிரை". இதற்கு 5 புள்ளிகள். ஆங்கிலத்தில் முயற்சி எனப் பொருள்படும் இப்பெயர் வந்த கதை சுவையானது. தொடக்க காலத்தில் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளியே கிடையாது. கம்பங்களுக்கு இடையே உதைக்க முயலும் உரிமை மட்டுமே கிடைத்தது. அந்த உதை இன்று கூடுதல் 2 புள்ளிகள் தருகிறது. எழுவர் ஆட்டத்தில் பந்தைக் கீழே விட்டு, அது துள்ளி எழும்போது உதைக்க வேண்டும். தண்ட உதைக்கும் ஆட்டத்தின் இடையே உதைக்கப்படும் டிராப் கோலுக்கும் 3 புள்ளிகள்.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இறுதியாட்டத்தின் 41 ஐ எடுத்துக்கொள்ளலாம். மூன்று புள்ளி உதைகளே இல்லை எனக் கொண்டால், 41 ஐ அடைய ஒரே வழிதான் உண்டு: ஏழு டிரை, மூன்று கூடுதல் உதை. எட்டு டிரை என்றாலோ ஆறு டிரை என்றாலோ கூட்டுத்தொகை இரட்டைப்படையாகிவிடும்; ஐந்து டிரை என்றால் 35 ஐத் தாண்டாது.

பதினைவர் ஆட்டத்திலிருந்து மாறுபடும் இன்னொரு விதியும் உண்டு. புள்ளி பெற்ற அணியே அடுத்துப் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இதனால் பின்தங்கிய அணிக்குப் பந்து கிடைக்க வாய்ப்பு மிகுதி. இவ்வளவு வாய்ப்பிருந்தும் ஓர் அணி இறுதியாட்டத்தில் ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றது அரிதான நிகழ்வு.

பருவத்தின் அமைப்பு

வழக்கமான எழுவர் ரக்பி ஏழு நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடப்படும். இத்தொடரில் நான்கு நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக, மொத்தம் 16 நிமிடங்கள் ஆடப்பட்டது. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் இருமுறை மோதியது. அவ்வகையில் 30 ஆட்டங்கள். பின்னர் முதல் நான்கு அணிகளுக்கு இரு அரையிறுதிகள், மூன்றாம் இடத்திற்கான ஆட்டம், இறுதியாட்டம். ஆக 34.

ஒவ்வோர் அணியிலும் 13 பேர் இருந்தனர். ஐவர் முன்னணி எழுவர் ரக்பி நாடுகளின் ஆட்டக்காரர்கள். மூவர் ஆங்காங், கனடா, செருமனி ஆகியவற்றிலிருந்து வந்த இடைநிலை ஆட்டக்காரர்கள். எஞ்சிய ஐவர் இந்தியர். உலக ரக்பி அமைப்பின் ஆண்டின் சிறந்த எழுவர் ஆட்டக்காரர் விருதை 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் பெற்ற அமெரிக்காவின் பெர்ரி பேக்கரும், 2022 இல் பெற்ற அயர்லாந்தின் டெர்ரி கென்னடியும் இப்பருவத்தில் ஆடினர். தொலைக்காட்சியில் மட்டுமே கண்ட இத்தகையவர்களுடன் முப்பது இந்தியர்கள் ஒரே உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொண்டது, எந்தப் பயிற்சி முகாமும் தரமுடியாத பயன் எனலாம்.

ஆனால் காலம் குறைவு. அரையிறுதிக்குச் சென்ற அணிக்கு 12 ஆட்டங்கள், அதாவது 192 நிமிடங்கள். ஒப்பீட்டிற்கு, 2025 இல் ஆத்திரேலியத் தேசிய ரக்பி லீக்கில் ஒரு கழகம் இறுதிச்சுற்றுகளுக்கு முன் 24 ஆட்டங்கள் ஆடியது. ஆட்டத்திற்கு 80 நிமிடங்கள் வீதம் 1,920 நிமிடங்கள். சரியாகப் பத்து மடங்கு. எழுவர் ரக்பியின் ஒரு நிமிடம் பதினைவர் அல்லது பதின்மூவர் ஆட்டத்தின் ஒரு நிமிடத்தைவிடக் கடுமையானது என்பது உண்மையே. எனினும் ஒரு பருவம் மார்ச்சு முதல் அக்டோபர் தொடக்கம் வரை நீள்வதற்கும் பதினைந்து நாளில் முடிவதற்கும் உள்ள வேறுபாடு ஆட்டக்காரரின் வாழ்க்கையில் தெரியும். முன்னதில் ஆட்டம் ஒரு வேலை. பின்னதில் அது வேலையிலிருந்து எடுத்த விடுப்பு.

ஊதியமும் ரக்பியும்

ரக்பி இரண்டாகப் பிரிந்ததே விடுப்பு பற்றிய பூசலால்தான். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் நூற்பாலை, நெசவாலை, நிலக்கரி நகரங்களில் ரக்பி பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆட்டக்காரர்களிற் பலர் ஆலைத் தொழிலாளர். சனிக்கிழமையும் வேலை நாள். ஆடச் சென்றால் அந்நேரக் கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டும் என வடக்குக் கழகங்கள் கோரின. ஆட்டம் ஆட்டத்திற்காகவே என்ற கொள்கையுடைய ரக்பி கால்பந்து ஒன்றியம் 1893 இல் 282 க்கு 136 என்ற வாக்குகளில் அதை மறுத்தது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டுவோருக்கு இக்கோரிக்கையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. தறி நின்ற நேரத்திற்குக் கூலி இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மாவட்டக் கபடிப் போட்டிக்குச் செல்ல ஒரு முறைப்பணியை விட்டால், அந்நாள் சம்பளத்தை விட்டதாகவே பொருள். ஆட்டம் ஆட்டத்திற்காகவே என்று கூறக்கூடியவர், பொதுவாக, கூலியை நம்பி வாழாதவர்.

1895 ஆகத்து 29 அன்று அட்டர்சுபீல்டு நகரின் சார்ச்சு விடுதியில் கூடிய வடக்குக் கழகங்கள் ஒன்றியத்திலிருந்து விலகி வடக்கு ஒன்றியத்தைத் தோற்றுவித்தன. அட்டர்சுபீல்டு கம்பளித் துணி நெய்யும் நகரம் என்பது குறிப்பிடத்தக்கது. நாளொன்றுக்கு 6 சில்லிங்கு வரை கூலியீடு வழங்கலாம் என விதித்தனர். முதற் பருவமான 1895-96 இல் 22 கழகங்கள் தலா 42 ஆட்டங்கள் ஆடின. பிராட்போர்டின் மேனிங்காம் கழகம் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் ஆலிபாக்சை முந்தி வாகை சூடியது. அதே கழகம் 1903 இல் ரக்பியைக் கைவிட்டு, காற்பந்துக்கு மாறி, பிராட்போர்டு சிட்டி ஆனது. 1906 இல் ஆட்களின் எண்ணிக்கை 13 ஆகக் குறைக்கப்பட்டது. 1922 இல் அமைப்பின் பெயர் ரக்பி கால்பந்து லீக் என மாறியது.

ரக்பி யூனியன் ஊதியத்தை ஏற்றுக்கொண்டது 1995 ஆகத்தில். பிரிவு நிகழ்ந்து நூறாண்டுகள் கழித்து!

இந்தியாவில் ரக்பி

இந்தியா இவ்விளையாட்டுக்குப் புதிய நாடன்று. 1872 கிறித்துமசு நாளில் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஓர் ஆட்டம் ஆடினர். அடுத்த ஆண்டு கல்கத்தா கால்பந்துக் கழகம் அமைந்தது. சில ஆண்டுகளில் கழகம் கலைந்தபோது வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகங்களைக் கைப்பிடிகளாகவும் யானையை மூடியின் உச்சியிலும் கொண்ட கிண்ணம் ஒன்று செய்யப்பட்டது. அதுவே கல்கத்தா கோப்பை. 1879 முதல் இங்கிலாந்தும் இசுக்கொட்லாந்தும் அதற்காக ஆடுகின்றன. இந்திய வெள்ளி அங்கே சென்றது. ஆட்டம் இங்கே சில கழகங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதன் பின் பரவல் மெதுவாகவே நிகழ்ந்தது. படைத்துறை அணிகளும், கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ், சென்னை சீட்டாஸ் போன்ற கழகங்களும் ஆட்டத்தை உயிருடன் வைத்திருந்தன. 2007 இல் புவனேசுவரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் பயின்ற பழங்குடிச் சிறுவர்கள் இலண்டனில் நடந்த 14 அகவைக்குட்பட்டோர் பள்ளிப் போட்டியை வென்றனர். இந்திய ரக்பியில் ஒடிசா பெற்றுள்ள சிறப்பிடத்திற்கு இது ஒரு காரணம். 2022 இல் குசராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியிலும் எழுவர் ரக்பி இடம்பெற்றது. இத்தகைய போட்டிகளின் பதக்கம், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசுப் பணி பெற உதவுகிறது. பல இந்திய ரக்பி ஆட்டக்காரர்களுக்கு நடைமுறையில் எட்டக்கூடிய நிலையான ஊதியம் அதுவே.

கபடியின் நிலை இதற்கு மாறானது. 2014 இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் 2022 பருவத்திற்காகத் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்பருவம் அக்டோபர் தொடக்கத்திலிருந்து திசம்பர் நடுப்பகுதி வரை நீடித்தது. அணிக்கு 22 லீக் ஆட்டங்கள். ஆனால் கபடிக்கு ஊர்தோறும் களமும் பார்வையாளரும் முன்பே இருந்தனர். ரக்பி அவர்களை உருவாக்க வேண்டியுள்ளது.

சென்னை அணி

சென்னை புல்ஸ் வென்ற பருவத்தில் சென்னையில் ஓர் ஆட்டமும் நடைபெறவில்லை. எல்லா அணிகளும் மும்பையின் ஒரே திடலில் ஆடின. செலவைக் குறைக்கவும் பதினைந்து நாளில் 34 ஆட்டங்களை முடிக்கவும் அது வசதியான ஏற்பாடு. சென்னைவாசிகள் தம் நகரின் பெயர் தாங்கிய அணியைத் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோதான் காண முடிந்தது. அணியின் பதின்மூவரில் எண்மர் வெளிநாட்டவர். இந்தியர் ஐவரும் நாடு தழுவிய பட்டியலிலிருந்து தேர்வானவர்கள்.

மேனிங்காம் வென்ற பருவத்தில் நிலை வேறு. அக்கழகத்தின் திடலான வேலி பரேடு, ஆலைத் தொழிலாளர்கள் நடந்தே வரக்கூடிய தொலைவில் இருந்தது. அங்கே இன்றும் பிராட்போர்டு சிட்டி ஆடி வருகிறது.