உஷார்! கரி எஞ்சினை விரட்டச் சொல்லாதீர்கள்

ஆறுமுகநேரிக்காரர்களே, கொஞ்சம் உஷார். சென்னை எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை சுதந்திர தினத்தன்று ஓடிய ‘ஈ.ஐ.ஆர். 21’ கரி எஞ்சினின் வீடியோ யாருடைய போனிலாவது வந்துவிட்டால் போதும், டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிடும். “இத நம்ம திருச்செந்தூர் லைன்லயும் விடணும் அண்ணாச்சி. சும்மா உருட்டக் கூடாது, செந்தூர் எக்ஸ்பிரஸ் வேகத்துல விடணும்.” இதில் முதல் பாதிக்கு நானும் கை தூக்குவேன். இரண்டாவது பாதிதான் ஆளைக் கொல்லும்.

அந்த எஞ்சின் 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. 1909-இல் ஓய்வு கொடுத்து, நூறு வருஷம் காட்சிப்பொருளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் 2010-இல் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2019-இல் கொச்சியிலும் எர்ணாகுளத்திலிருந்து துறைமுகம் வரை ஓடியது. எங்கே ஓடினாலும் நிதான நடைதான். வயசான இரும்பு என்பதால் மட்டும் அப்படி ஓட்டுகிறார்கள் என்று நினைத்தால் தப்பு.

இங்கிலாந்தில் ‘டொர்னாடோ’ என்று ஒரு நீராவி எஞ்சின் இருக்கிறது. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு 2008-இல் புத்தம் புதிதாகச் செய்து முடித்தது. 2017 ஏப்ரலில் ராத்திரி நேரச் சோதனையில் மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டரைத் தொட்டது. ஊரே கைதட்டியது. மறு வருஷம் ஏப்ரல் 14 அன்று, 90 மைல் வேகத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு உல்லாசப் பயணிகளோடு கிளம்பியது. லண்டனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் உள் சிலிண்டர் பக்கம் எண்ணெய் சரியாகப் போகாமல் இயந்திரம் சேதமாகி வழியிலேயே நின்றது. பத்து வயது எஞ்சினுக்கே இந்தக் கதி.

காரணம் இதுதான். மின்சார எஞ்சினில் எல்லாம் சுற்றும். கரி எஞ்சினில் பிஸ்டனும் கனத்த இரும்புத் தண்டுகளும் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே இருக்கும். சக்கரத்தில் எதிர் எடை வைத்தாலும் அந்த ஆட்டம் முழுசாக அடங்காது. அந்த எதிர் எடையே தண்டவாளத்தின் மேல் சம்மட்டி அடியாகவும் இறங்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அடி நான்கு மடங்காகும். வண்டியை நிறுத்த அடக்க வேண்டிய சக்தியும் நான்கு மடங்குதான். ஓட்டுகிறவரோ நீளமான பாய்லருக்குப் பின்னால் உட்கார்ந்து, புகைக்கும் ஆவிக்கும் நடுவே எட்டிப் பார்த்து சிக்னலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிக்னல் என்றதும் 2015 மார்ச் 7 நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து ‘டாங்மியர்’ என்ற பழைய நீராவி எஞ்சின் உல்லாச ரயிலை இழுத்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு தற்காலிக வேகக் கட்டுப்பாடு. அதற்கான எச்சரிக்கை ஒலித்தபோது ஓட்டுநர் உரிய நேரத்தில் பதில் கொடுக்காததால் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டது. விதிப்படி வண்டியை முழுசாக நிறுத்தி, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நிற்க மனசில்லை. பிரேக்கை விடுவிக்க அந்தப் பாதுகாப்புக் கருவியின் குழாயையே அடைத்துவிட்டு ஓட்டினார்கள். அடுத்து வந்த சிவப்பு சிக்னலில் தடுக்க எதுவுமே இல்லை. வூட்டன் பாசெட் சந்திப்பில் சிவப்பைத் தாண்டி ஏறத்தாழ 700 மீட்டர் போய், குறுக்குப் பாதையை மறித்துக்கொண்டு நின்றது வண்டி. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான் ஓர் அதிவேக ரயில் அந்தச் சந்திப்பைக் கடந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ரயிலை இயக்கிய நிறுவனத்துக்கு இரண்டு லட்சம் பவுண்டு அபராதம், ஓட்டுநருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை.

இதைப் படித்துவிட்டு நம்ம ஊர் டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் வெள்ளம் ஜல்லியை அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள், திட்டவும் செய்தார்கள். ஆனால் உயிரோடு திட்டினார்கள். 1923-இல் மீட்டர் கேஜாகத் திறந்து 2008-இல் அகலப்பாதையான இந்த லைனுக்கு அன்றைக்குக் கைகொடுத்தது நிறுத்தத் தயங்காத அந்த ரயில்வே ஊழியர்கள்தான். உல்லாசப் பயணத்தில் நிறுத்துவதற்குத்தான் கூச்சம் வரும். டிக்கெட் எடுத்தவர்கள் இருப்பார்கள், கேமராக்கள் இருக்கும், பிரமுகர்கள் இருப்பார்கள்.

நம்ம நாட்டுக் கதையும் உண்டு. ரேவாரி ஷெட்டில் ‘அக்பர்’ என்று பெயர் வைத்த டபிள்யூ.பி. வகைக் கரி எஞ்சின், சினிமாவிலெல்லாம் நடித்தது. 2017-இல் கட்டுப்பாட்டை இழந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தானாக ஓடித் தடம் புரண்டது. அதில் பயணிகள் இல்லாதது யாருடைய புண்ணியமோ. அமெரிக்காவில் 1986 மே 18 அன்று ‘611’ என்ற எஞ்சின் ரயில்வே ஊழியர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு வர்ஜீனியாவில் வேகமாகப் போகையில் பெட்டிகள் தடம் புரண்டன. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். அதற்குப் பிறகுதான் அதை ஓட்டிய ரயில்வே நிறுவனம் உல்லாச ரயிலுக்கு 40 மைல் என்று வரம்பு போட்டது.

பாய்லர் விஷயத்தில் ஆறுமுகநேரிக்குத் தனிக் கவலை உண்டு. அது தண்ணீர். உப்பளத்துக்கு நடுவே வாழ்கிற நமக்கு நிலத்தடி நீரின் லட்சணத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற வெள்ளைக் காரை பாய்லருக்குள்ளும் படியும். உப்பேறிய தண்ணீர் நுரைத்துப் பொங்கினால், மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் உள்ளே இருப்பதைவிட அதிகம் காட்டி ஏமாற்றும். அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் 1995 ஜூன் 16 அன்று ஒரு உல்லாச ரயிலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கண்ணாடிக் குழாய்க்குப் போகும் வழியைக் காரை அடைத்திருந்தது. பாய்லரில் தண்ணீர் குறைந்தது எஞ்சின்காரர்களுக்குத் தெரியவில்லை. நெருப்புப் பெட்டியின் மேல் தகடு பழுக்கக் காய்ந்து பிய்ந்தது. கொதிக்கும் ஆவி கேபினுக்குள் பாய்ந்து மூன்று பேர் வெந்துபோனார்கள், உயிர் பிழைத்தார்கள். அந்த வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேகமாக ஓட்டினால் ஆவியும் தண்ணீரும் இன்னும் விரைவாகச் செலவாகும், கண்ணாடியைப் பார்க்க நேரமும் குறையும். ஆகவே கரி எஞ்சின் நம்ம பக்கம் வருவதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாய்லருக்கு எந்தத் தண்ணீர் என்பது. லாரித் தண்ணீர் என்று பதில் வந்தால், எந்தக் கிணற்று லாரி என்று அடுத்த கேள்வி கேளுங்கள்.

புகைபோக்கியிலிருந்து பறக்கும் கங்கு இன்னொன்று. வைகாசி வெயிலில் லைன் ஓரத்துச் சீமைக்கருவேலமும் காய்ந்த பனையோலையும் பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. பக்கத்தில் சாகுபுரம் ரசாயன ஆலை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, வேடிக்கை பார்க்கிற நாம். எனக்கு அதிகமாக வயிற்றைக் கலக்குவது இதுதான். 2024 ஜூன் 3 அன்று மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்தில் ‘எம்ப்ரஸ்’ என்ற பழைய நீராவி எஞ்சினைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஒரு பெண் லைனை ஒட்டி மண்டியிட்டு செல்பி எடுத்தார். எஞ்சின் தலையில் அடித்தது, அங்கேயே உயிர் போனது. அவர் தண்டவாளத்துக்கு நடுவே நிற்கவில்லை, பக்கத்தில்தான் இருந்தார். அகலப்பாதை வண்டி தண்டவாளத்துக்கு வெளியே சுமார் இரண்டரை அடி நீட்டிக்கொண்டு வரும். கரி எஞ்சினில் சிலிண்டரும் தண்டுகளும் பக்கவாட்டிலேயே ஆடும். எதிரே வரும்போது வேகம் கணிக்க முடியாது. விசில் சத்தத்தில் பக்கத்து லைனில் வருகிற வண்டி கேட்காது.

நம்ம லைனில் இப்போது மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. நல்ல படம் வேண்டும் என்று நின்றிருக்கும் கூட்ஸ் பெட்டி மேலே ஏறுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுத்துவிடும். செல்பி குச்சியை உயர்த்துவதும் அப்படித்தான்.

என்றைக்காவது அந்த எஞ்சின் குரும்பூரைத் தாண்டி நம்ம ஸ்டேஷனுக்கு வந்தால், பிள்ளைகளைப் பிளாட்பாரத்து மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கையைப் பிடித்து நிறுத்துங்கள். லெவல் கிராசிங்கில் பார்ப்பவர்கள் மூடிய கேட்டுக்குள் குனிந்து நுழைய வேண்டாம். லைனுக்குள் யாராவது நிற்பதைப் பார்த்தால் கேட் கீப்பரிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். அவர் தூரத்தில் இருந்தால் 139-க்கு போன் போடுங்கள், வீடியோ அப்புறம் எடுக்கலாம்.