பந்திப்பூர் கேட்டும் செயற்கை நுண்ணறிவுக்கான சட்டமும்

குண்டலுபேட்டையைத் தாண்டியதும் ஊட்டிக்கு ஒரு சாலை, சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கு ஒரு சாலை. இரண்டும் பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள் புகுந்துதான் போகின்றன. இரவு 9 மணிக்கு செக்போஸ்ட் கேட் இறங்கினால், மறுபடி ஏறுவது காலை 6 மணிக்கு. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் வழி உண்டு. காய்கறி லாரிகள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் 2009-இல் விதித்த தடை இது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2010-இல் இதை உறுதிசெய்தது. கேரளத்தில் போராட்டங்கள் நடந்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தடைக்கு ஆதாரமாக நின்றது, சாலையில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் கணக்கு.

செயற்கை நுண்ணறிவையும் ரோபோக்களையும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று உலக அரசுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு, இந்த கேட்டைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அரசு லாரியைத் தடைசெய்யவில்லை. குண்டலுபேட்டை கடைத்தெருவில் அதே லாரி எந்நேரமும் ஓடலாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடைய உயிருக்கு ஆபத்து என்று பார்த்து விதி போட்டார்கள்.

ஐரோப்பா இந்த இடத்துக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ரோபோக்கள் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. லக்சம்பர்க் உறுப்பினர் மாடி டெல்வோவின் அறிக்கையை ஒட்டியது அது. தானாக முடிவெடுக்கும் ரோபோக்களுக்கு ‘மின்னணு நபர்’ என்ற சட்ட அந்தஸ்து தரலாமா என்று ஆராயும்படி அதில் ஒரு யோசனை இருந்தது. ரோபோவே பொறுப்பாளி ஆகிவிட்டால் அதைச் செய்தவரும் விற்றவரும் தப்பிவிடுவார்களே என்று நிபுணர்கள் பலர் 2018-இல் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். நியாயமான எதிர்ப்பு. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் அந்த யோசனை இல்லை. அது ஆபத்தின் அளவைப் பார்த்துப் பயன்பாடுகளைத் தரம் பிரிக்கிறது. குடிமக்களுக்கு நடத்தை மதிப்பெண் போடுவது போன்றவற்றுக்கு முழுத் தடை. வேலைக்கு ஆள் எடுப்பது, கடன் தகுதி பார்ப்பது போன்றவற்றுக்குக் கடும் நிபந்தனைகள். மற்ற பெரும்பாலானவற்றுக்குக் கெடுபிடி குறைவு.

இந்தியாவில் 2017-இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி தலைமையில் மத்திய வர்த்தக அமைச்சகம் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு பணிக்குழு அமைத்தது. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தனக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. அரசு ஒரு மென்பொருளை மக்கள் சேவையில் இறக்குமுன் சமத்துவம், அந்தரங்கம், தணிக்கைக்கு இடம்தருவது ஆகியவற்றில் அதற்கு மதிப்பெண் அட்டை போட வேண்டும் என்றது அது.

யாருக்கு ஆபத்து, யார் பொறுப்பு என்ற கேள்விகளெல்லாம் காட்டோரம் நேரடியாக வந்து நிற்கின்றன. 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு 7.24 கோடி ரூபாய் செலவில் மதுக்கரை வனப்பகுதியில் ஒரு கண்காணிப்பு ஏற்பாடு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 12 கோபுரங்களில் சாதாரணக் கேமராவும் வெப்பக் கேமராவும் இருக்கின்றன. இருட்டில் தெரியும் உடல் வெப்பத்தின் உருவைப் பார்த்து, யானையா இல்லையா என்று மென்பொருள் கணிக்கிறது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகிறது. நல்ல முயற்சி, மனமார வரவேற்கிறேன்.

ஆனால் இப்படிப்பட்ட எந்த மென்பொருளும் “இது யானை” என்று அடித்துச் சொல்வதில்லை. இவ்வளவு சதவீதம் யானையாக இருக்கலாம் என்றுதான் சொல்லும். எத்தனை சதவீதத்தில் மணி அடிக்கலாம் என்பதை மனிதர்தான் வைக்க வேண்டும். தாழ்த்தி வைத்தால் எருமைக்கும் மணி அடிக்கும். ரயில்கள் வேகம் குறைக்கும், நாள்பட நாள்பட மணியை யாரும் சட்டைசெய்யமாட்டார்கள். உயர்த்தி வைத்தால் புதருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் குட்டி தவறிப்போகும். கணக்கு இதற்கு விடை தராது. ரயிலின் தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பு, யானையின் உயிருக்கு எவ்வளவு மதிப்பு என்ற தீர்ப்பு அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கிறது. அதை வைத்தவர் யார், எந்த ஆணையின்படி வைத்தார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

2025 செப்டம்பரில் குண்டலுபேட்டை தாலுகா பொம்மலாபுரத்தில், புலியைப் பிடிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் கிராமத்தார் வனத்துறை ஊழியர்களையே கூண்டுக்குள் அடைத்துப் பூட்டினார்கள். செய்தது தவறுதான். ஆனால் கேள்வி கேட்க அவர்களுக்கு எதிரில் ஆள் இருந்தது. நாளை எச்சரிக்கை தர வேண்டிய கேமரா தவறவிட்டால் வனத்துறையைக் கேட்பதா, மென்பொருள் செய்தவரைக் கேட்பதா, பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கேட்பதா?

மத்திய அரசு இதில் தட்டுத்தடுமாறித்தான் வந்திருக்கிறது. சரிவரச் சோதிக்கப்படாத செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வெளியிட முன்அனுமதி வேண்டும் என்று 2024 மார்ச் 1-இல் சொன்னது, எதிர்ப்பு வந்ததும் மார்ச் 15-இல் அதைக் கைவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு வகுத்து 2025 நவம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள், தனிச் சட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்கின்றன. கர்நாடகமோ ஒரு குறுகிய இடத்தில் சட்டமே போட்டுவிட்டது. செயலி வழி வேலை செய்வோருக்கான அதன் 2025 சட்டப்படி, வேலையைத் தானாகப் பங்கிட்டுக் கண்காணிக்கும் முறைகள் பற்றித் தொழிலாளிக்கு எளிய மொழியில் விளக்க வேண்டும். நீக்குவதானால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பந்திப்பூர் கேட் மாதிரியே, எங்கே யாருக்குக் காயம் என்று பார்த்துப் போட்ட விதி.

மத்திய வழிகாட்டுதல்களில் எனக்கு முக்கியமாகப் படுவது, செயற்கை நுண்ணறிவால் நேரும் பாதிப்புகளுக்குத் தேசிய அளவில் ஒரு பதிவேடு வேண்டும் என்ற பரிந்துரை. ஆனால் இயந்திரம் தவறவிட்டதை அந்த இயந்திரமே பதிவுசெய்யாது. ரயில் வராத நேரத்தில் யானை பத்திரமாகக் கடந்துவிட்டால் அந்தத் தவறு யாருக்கும் தெரியாமலே போகும். விடியற்காலையில் தடம் பார்த்து நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் கண்ட கால்தடங்களை, முந்தைய இரவின் கேமரா பதிவோடு தினமும் ஒப்பிட வேண்டும். அவருடைய சம்பளமும் கேமராவுக்கான திட்ட மதிப்பீட்டிலேயே சேர வேண்டும்.