பத்து டாலர் பெயர், மூன்று கோடி டாலர் விலை: தெரியுமா?

2015 செப்டம்பர் 29, நள்ளிரவு தாண்டிய நேரம். குஜராத்தின் மாண்ட்வியைச் சேர்ந்த சன்மய் வேத் என்ற இளைஞர், அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, டொமைன் என்னும் இணைய முகவரிப் பெயர்களை விற்கும் கூகுள் நிறுவனத்தின் பக்கத்தை மேய்ந்துகொண்டிருந்தார். சும்மா ஒரு ஆசைக்கு ‘கூகுள் டாட் காம்’ என்று தட்டிப் பார்த்தார். ‘இந்தப் பெயர் கிடைக்கும், விலை 12 டாலர்’ என்று வந்தது! பணம் கட்டினார். போயிற்று! உலகமே தினமும் தட்டும் அந்த முகவரி ஏறக்குறைய ஒரு நிமிடம் அவர் கையில் இருந்தது! பதறிப்போன கூகுள் விற்பனையை ரத்து செய்தது. பிறகு வெகுமதியும் தந்தது. எவ்வளவு தெரியுமா? 6,006.13 டாலர். அந்த எண்களைக் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், ஆங்கிலத்தில் ‘கூகுள்’ என்றே படிக்கும்! வேத் அந்தப் பணத்தைத் தர்ம காரியத்துக்குக் கொடுக்கச் சொன்னார். கூகுள் தொகையை இரட்டிப்பாக்கியது.

12 டாலர் என்றும் சொல்லலாம், விலையே சொல்ல முடியாது என்றும் சொல்லலாம். டொமைன் பெயர்களின் உலகம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சுழல்கிறது. ஒரு டாட் காம் பெயரை ஓராண்டுக்குப் பதிவு செய்ய இன்றும் பத்துப் பதினைந்து டாலர்தான். அதே வகைப் பெயரான ‘வாய்ஸ் டாட் காம்’ 2019இல் விற்ற விலை 3 கோடி டாலர், அதுவும் ரொக்கமாக! விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம். வாங்கியது பிளாக் டாட் ஒன் என்ற நிறுவனம். வெறும் பெயர்தான் கைமாறியது. கடை இல்லை, சரக்கு இல்லை, ஆள் அம்பு எதுவும் இல்லை!

டாட் காம் என்ற ஊரில் முதல் மனை வாங்கியவர் யார் தெரியுமா? மாசசூசெட்ஸில் கணினி செய்துகொண்டிருந்த சிம்பாலிக்ஸ் நிறுவனம், 1985 மார்ச் 15இல். அன்றைக்குக் கட்டணமே கிடையாது. 1995 செப்டம்பர் வரை டொமைன் பெயர்கள் இலவசம்! ‘எனக்கு வேண்டும்’ என்று சொன்னவருக்குக் கிடைத்தது. 1994இல் ஜோஷ் குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் டாட் காமைத் தம் பெயரில் பதிவு செய்தார். அந்த மாபெரும் நிறுவனத்துக்கு அது தேவைப்படும் என்றே தோன்றவில்லை. கடைசியில் அவர்கள் விழித்துக்கொண்டபோது, நியூயார்க் பள்ளி ஒன்றுக்கு இணைய வசதி செய்துதரும்படி 3,500 டாலர் கேட்டுவிட்டுப் பெயரைக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனது!

இனி விலைக்கு வருவோம். இந்தத் துறையை ஆசையோடு பார்த்துவரும் எனக்கு, எத்தனை விற்பனைக் கணக்குகளைப் பார்த்தாலும் முதலில் நினைவுக்கு வருவது 2009 பிப்ரவரியின் டாய்ஸ் டாட் காம் ஏலம்தான். திவாலான நிறுவனம் ஒன்றின் சொத்தாக அந்தப் பெயர் ஏலத்துக்கு வந்தது. 12.5 லட்சம் டாலருக்கு ஒருவர் கேட்டு, ஏலம் ஏறக்குறைய முடிந்தேவிட்டது. அந்த நேரத்தில் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடை நிறுவனம் உள்ளே நுழைந்தது. ஏலம் மறுபடி நடந்தது. முடிந்தபோது விலை எங்கே நின்றது தெரியுமா? 51 லட்சம் டாலர்! அதே சொல், அதே நான்கு எழுத்து, அதே மாதம். விலை நான்கு மடங்கு! சொல் ஒன்றும் மாறவில்லை, அறைக்குள் வந்த ஆள் மாறினார். டொமைன் மதிப்பின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். பெயருக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது. அது யாருக்கு இன்றியமையாதது, அவரிடம் எவ்வளவு இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

இதைவிட வியப்பான கதை 2007இல் நடந்தது. விடுமுறை வீடுகளை வாடகைக்குப் பிடித்துத்தரும் ஹோம்அவே நிறுவனம் வெக்கேஷன் ரென்டல்ஸ் டாட் காமை 3.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஏன் தெரியுமா? போட்டியாளரான எக்ஸ்பீடியாவின் கைக்கு அது போய்விடக் கூடாதே என்பதற்காகத்தான் வாங்கினோம் என்று நிறுவனத் தலைவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பக்கத்து மனையை வேறு ஆள் வாங்கிவிடக் கூடாது என்று நம் ஊரில் கடன்பட்டாவது வளைத்துப் போடுவார்களே, அதே மனசு!

பிசினஸ் டாட் காம் 1997இல் 1.5 லட்சம் டாலருக்குக் கைமாறியபோது ‘இவ்வளவா!’ என்று வாய்பிளந்தார்கள். இரண்டே ஆண்டில் அது 75 லட்சம் டாலருக்குப் போயிற்று. டெஸ்லா டாட் காமைப் பெற 10 ஆண்டுகளுக்கு மேலும் 1.1 கோடி டாலரும் ஆயிற்று என்று எலான் மஸ்க் சொன்னார். அதுவரை அந்தக் கார் நிறுவனம் டெஸ்லா மோட்டார்ஸ் என்ற நீண்ட முகவரியில்தான் குடியிருந்தது. இந்தியாவில் பிறந்தவரும் ஹப்ஸ்பாட் நிறுவனத்தின் இணை நிறுவனருமான தர்மேஷ் ஷா, சாட் டாட் காமை 2023இல் 1.55 கோடி டாலருக்கு வாங்கினார். அது ஓபன்ஏஐ கைக்குப் போய்விட்டது என்று அடுத்த ஆண்டு தெரியவந்தது!

சரி, நம் கையில் ஒரு பெயர் இருக்கிறது. அதை எடைபோடுவது எப்படி?

முதலில் நீளம். ஆங்கில எழுத்து 26 என்பதால், இரண்டெழுத்து டாட் காம் உலகம் முழுவதற்கும் 676தான் இருக்க முடியும்! மூன்றெழுத்து 17,576. நான்கெழுத்து 4,56,976. இவை எல்லாமே எப்போதோ தீர்ந்துவிட்டன. ஓரெழுத்துப் பெயர்களோ அதிசயத்திலும் அதிசயம்: 1993இல், அப்போது இணையப் பெயர்களை மேற்பார்த்துவந்த ஜான் போஸ்டல் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டதால், டாட் காமில் மூன்றே மூன்றுதான் வெளியே இருக்கின்றன. கியூ, எக்ஸ், இசட்!

2015 கடைசியில் சீன முதலீட்டாளர்கள் இந்தக் குட்டிப் பெயர்கள்மேல் பாய்ந்தார்கள். அவர்களுக்கு ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற உயிரெழுத்துகளும் ‘வி’ எழுத்தும் பிடிக்காது. சீனச் சொற்களை முதலெழுத்துகளால் சுருக்கும்போது இவை பெரும்பாலும் வருவதில்லையே! எண் பெயர்களில் 8 இருந்தால் விலை ஏறும், 4 இருந்தால் இறங்கும். சீன மொழியில் 4 என்பது சாவு என்பதுபோல் ஒலிக்கும். ஆங்கிலேயருக்கு வாயில் நுழையாத மெய்யெழுத்துக் கூட்டங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. அடுத்த ஆண்டே அலை வடிந்தது, உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அடுத்தது காது. இத்துறையினர் இதை ‘ரேடியோ சோதனை’ என்பார்கள். வானொலியில் ஒருமுறை கேட்டவர் தப்பில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். நடுவில் சிறுகோடு, எண், இரட்டை எழுத்து வந்தால் மதிப்பு விழும். தமிழ்ச் சொற்களுக்கு இது எவ்வளவு கடினமான சோதனை தெரியுமா? என் மாமாவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன்.

“மாமா, வாழை டாட் காம்னு ஒரு பேரு. இங்கிலீஷ்ல எப்படி அடிப்பீங்க?”

“இதென்ன மாப்ள, வி, ஏ, எல், ஏ, ஐ.”

“அது வலைன்னும் ஆகுமே மாமா?”

“அட ஆமா. வாளை மீனும் ஆகும். அப்போ ஏ ரெண்டு தடவ போடணுமோ? இசட், எச் வேற வரும்ல?”

ஒரே வாழைக்கு நான்கு எழுத்துக்கூட்டல்! நான்கில் ஒன்றை மட்டும் வாங்கினால், வருகிறவர்களில் பாதிப்பேர் வழிதவறி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நம் ழகரம் அவ்வளவு அழகு, ஆங்கில எழுத்தில் அவ்வளவு அல்லல்! இதற்கு மாற்றாக முழு முகவரியையுமே தமிழில் எழுதலாம் தெரியுமா? .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என மூன்று தமிழ் விகுதிகள் இணையத்தில் இருக்கின்றன! நம்மில் பலர் இன்னும் அவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

விகுதி என்றதும் இரண்டு குட்டித் தீவுகளைச் சொல்லாமல் நகர முடியாது. பசிபிக் கடலின் துவாலுவில் மொத்தமே ஏறக்குறைய 11,000 பேர். நாட்டுக் குறியீடாக அவர்களுக்கு வந்து வாய்த்தது ‘டிவி’! 2000ஆம் ஆண்டில் அதை 12 ஆண்டுக்கு 5 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். அந்த வருமானத்தைக் கொண்டுதான் ஐக்கிய நாடுகள் சபையிலேயே உறுப்பினர் ஆனார்கள்! கரீபியனின் அங்குவிலாவுக்கு வாய்த்ததோ ‘ஏஐ’. செயற்கை நுண்ணறிவு அலை எழுந்ததும், 2023இல் மட்டும் 3.2 கோடி டாலர், அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! மறுவிற்பனைக்கு என்று வாங்குகிறவர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நாட்டு விகுதிக்கு அந்த நாட்டுச் சட்டம்தான் எஜமான். 2010இல் லிபியா தன் விகுதியில் இருந்த ஒரு பெயரை, உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்று பறித்தே விட்டது.

மனை வாங்கப் போனால் வில்லங்கச் சான்று பார்ப்போம் இல்லையா? டொமைனுக்கும் வில்லங்கம் உண்டு. அதன் பெயர் வணிகக் குறி. பாடகி மடோனா 2000இல் ஜெனீவாவின் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் முறையிட்டு, தம் பெயர் டொமைனை வென்றார். அதே ஆண்டு பாடகர் ஸ்டிங் முறையிட்டார், தோற்றார்! ‘ஸ்டிங்’ என்பது அகராதியில் உள்ள பொதுச் சொல், கொட்டுதல் என்று பொருள். பொதுச் சொல்லுக்கு இருக்கும் பலம் அது. நிசான் டாட் காம் கதை இன்னும் உருக்கம். ஊஸி நிசான் என்பவர் வட கரோலினாவில் கணினிக் கடை நடத்தியவர், நிசான் அவருடைய சொந்தக் குடும்பப் பெயர். 1994இல் பதிவு செய்தார். கார் நிறுவனம் 1 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. ஆண்டுக்கணக்காகப் போராடினார், பெயரை விடவே இல்லை. 2020இல் அவர் மறைந்தபோதும் அது அவரிடமே இருந்தது.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு சென்னை நிறுவனம் ஒன்றால் வந்தது தெரியுமா? சத்யம் இன்ஃபோவே, தன் பெயரைச் சுருக்கி ‘சிஃபி’ என்று ஒரு புதுச் சொல்லைப் படைத்திருந்தது. வேறொரு நிறுவனம் அதே ஒலிப்பில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டி டொமைன் வைத்தது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறிபோல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பெயரைப் போட்டால் உடனே மதிப்புச் சொல்லும் மென்பொருள்களும் உண்டு. அவற்றை நம் பத்திரப் பதிவு அலுவலகத்தின் ‘கைடுலைன் வேல்யூ’ போல எடுத்துக்கொள்ளுங்கள், தோராயத்துக்கு உதவும். அதைவிட நேம்பயோ என்ற தளத்தில் பழைய விற்பனைகளைத் தேடி, இதே மாதிரிப் பெயர் எவ்வளவுக்குப் போனது என்று பார்ப்பது மேல். இன்னொரு கணக்கும் இருக்கிறது. நூறு பெயர் வைத்திருப்பவருக்கு ஓராண்டில் ஒன்றோ இரண்டோ விற்றால் அதிகம் என்பார்கள் இத்தொழிலில் இருப்பவர்கள். நூறுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். விற்கிற அந்த ஒன்றுதான் விற்காத தொண்ணூற்றொன்பதையும் சுமக்க வேண்டும்! கோடிகளின் செய்தியைப் படித்துவிட்டுக் கைக்காசைக் கொட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பெயர் திருட்டும் போகுமா? போகும்! கேரி கிரெமன் 1994இல் பதிவு செய்திருந்த, பாலுறவைக் குறிக்கும் மூன்றெழுத்துப் பெயரை, அடுத்த ஆண்டே ஸ்டீபன் கோஹன் என்பவர் ஒரு போலிக் கடிதத்தால் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஒரே ஒரு கடிதம்! வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 6.5 கோடி டாலர் கொடுக்கத் தீர்ப்பானது. கோஹன் மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். இவ்வழக்கின் தொடர்ச்சியில்தான், டொமைன் பெயரும் சொத்தே என்று 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

திருட்டைவிட அதிகம் பெயரைப் பறிப்பது மறதி. மைக்ரோசாஃப்டே மறந்திருக்கிறது! 1999 கிறிஸ்துமஸ் சமயம் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்கத் தவறியதால் பலருக்கு ஹாட்மெயில் நின்றுபோனது. மைக்கேல் சேனி என்ற நிரலர் தம் கார்டில் 35 டாலர் கட்டி அதை மீட்டுத் தந்தார்! எல்லாருக்கும் அப்படி ஒரு சேனி கிடைப்பாரா? டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை சலுகை கிடைக்கலாம். அதன்பின் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது. அந்த 5 நாள் முடிந்து பெயர் விழுகிற நொடியில், அதற்காகவே காத்திருக்கும் மென்பொருள்கள் கண்ணிமைக்கும் முன் கவ்விக்கொள்ளும்.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு டொமைன் இருந்தால், இன்றைக்கே இரண்டைப் பாருங்கள்: அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது, பதிவில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதா அல்லது தளம் செய்துகொடுத்த பையனுடையதா.