உங்க மேனேஜர் எந்த ரகம்?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஆனால் கட்டிய மனைவியைவிட அதிக நேரம் நம் கூடவே இருக்கப்போகிற மேனேஜரை மட்டும், ஒரு பொருத்தமும் பார்க்காமல் ஏற்றுக்கொள்கிறோம். ஆஃபர் லெட்டரில் சம்பளம் இருக்கும், பி.எஃப். இருக்கும், லீவ் கணக்கு இருக்கும். 'இன்னாரிடம் மாட்டப்போகிறீர்கள்' என்று மட்டும் ஒரு வரி இருக்காது!

போகட்டும். மாட்டிய பிறகாவது ரகம் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் இல்லையா?

'ஐந்தே முக்கால்' சார்

காலையிலிருந்து உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மணி ஐந்தே முக்கால் அடித்து, நீங்கள் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைக்கிற அந்த விநாடியில் அவருக்கு ஞானோதயம் பிறக்கும். "சின்ன ஸ்டேட்மென்ட்தாம்ப்பா, பத்தே நிமிஷம்!" அந்தப் பத்து நிமிஷம் முடியும்போது ரோட்டில் பஸ் இருக்காது, வீட்டில் சாம்பார் இருக்காது.

மொபைல் வந்த பிறகு இவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டார். ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் 'தூங்கிட்டீங்களா?' பிரான்ஸில் 2017-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 50 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கிற கம்பெனிகள், ஆபீஸ் முடிந்த பிறகு போன், மெயில் தொல்லை இல்லாமலிருக்கும் உரிமை பற்றி ஊழியர் தரப்புடன் பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டில் இந்த உரிமை வந்தது. நமக்கு இப்போதைக்கு 'சார்ஜ் தீர்ந்துடுச்சு சார்' ஒன்றுதான் துணை.

'சிவப்பு மை' சார்

கடிதத்தில் 'தயவுசெய்து' என்று எழுதியிருப்பீர்கள். அதை அடித்து 'அன்புகூர்ந்து' என்று போடுவார். திருத்தி எடுத்துப்போனால் 'அன்புகூர்ந்து'வை அடித்துவிட்டு 'தயவுசெய்து' என்று எழுதி, "யாருய்யா இப்படி எழுதினது?" என்பார். வாயைத் திறக்காதீர்கள். இவரிடம் ஒரு லாபம், ஆபீஸை விட்டுத் தப்பு வெளியே போகாது. ஒரு நஷ்டம், கடிதமும் வெளியே போகாது.

'பேசவும்' சார்

சர்க்கார் ஆபீஸ்களில் வளரும் ரகம். ஃபைலில் முடிவு எழுதவே மாட்டார். ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே வார்த்தை. பேசப் போனால் சீட்டில் இருக்க மாட்டார். இருந்தாலும், "கொஞ்சம் ஆறப்போடுங்க, பார்க்கலாம்." சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பயம்! போட்ட கையெழுத்துக்கு ஆடிட்டில் கேள்வி வரும். போடாத கையெழுத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

'டபுள் என்ட்ரி' சார்

ஒவ்வொரு டெபிட்டுக்கும் சமமான ஒரு க்ரெடிட் உண்டு என்று பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் ஆபீஸில் கணக்கு அட்சரம் பிசகாது. டெபிட் எல்லாம் உங்கள் பெயரில், க்ரெடிட் எல்லாம் அவர் பெயரில்! ராத்திரி முழுக்க நீங்கள் உட்கார்ந்து போட்ட ரிப்போர்ட்டை மீட்டிங்கில், 'நான் என்ன பண்ணினேன்னா...' என்று ஆரம்பிப்பார். மருந்து ஒன்றுதான். அவர் வாயால் சொல்கிற ஒவ்வொரு உத்தரவுக்கும், 'தாங்கள் இன்று சொன்னபடி' என்று பணிவாக ஒரு மெயில் தட்டிவிடுங்கள். பேச்சு காற்றில் போகும், மெயில் போகாது.

'நாமெல்லாம் ஒரே குடும்பம்' சார்

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடும்போது நீங்கள் தம்பி. ஏப்ரல் மாதம் இன்க்ரிமென்ட் கேட்டால் மட்டும், "மிஸ்டர், கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும்." தம்பி எப்போது மிஸ்டர் ஆகிறார் என்பதைக் கவனித்தாலே போதும், ரகம் புரிந்துவிடும்.

சரி, இவர்களெல்லாம் எங்கிருந்து முளைக்கிறார்கள்? லாரன்ஸ் பீட்டர் என்பவர் ரேமண்ட் ஹல்லுடன் சேர்ந்து 1969-ல் ஒரு புத்தகம் போட்டார். விஷயம் இதுதான். நன்றாக வேலை செய்கிறவனுக்கு புரமோஷன் கொடுக்கிறோம். அதிலும் நன்றாகச் செய்தால் இன்னொன்று. தனக்குத் தெரியாத வேலை வந்ததும் தடுமாறுகிறான். புரமோஷன் நின்றுவிடுகிறது, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். பிரமாதமான சேல்ஸ்மேன் ஒருவரை மேனேஜர் ஆக்கினால், கம்பெனிக்கு ஒரு நல்ல சேல்ஸ்மேன் நஷ்டம், ஒரு சுமாரான மேனேஜர் லாபம். சரக்கு விற்கத் தெரிவது வேறு, ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிவது வேறு.

இதுவரை சிரித்தாயிற்று. சிரிக்க முடியாத ரகம் ஒன்றும் இருக்கிறது. முகத்துக்கு நேரே, 'சபாஷ்ப்பா' என்று சொல்லிவிட்டு, கான்ஃபிடன்ஷியல் ரிப்போர்ட்டில் பேனாவைக் கத்தியாக்குகிறவர்.

எல்லைப்புறச் சாலைகள் அமைப்பில் ஓர் எக்ஸிக்யூட்டிவ் என்ஜினியர். பெயர் தேவ் தத். அடுத்த புரமோஷனுக்கு ஐந்து வருஷமும் 'வெரி குட்' வேண்டும். இவருக்கு நான்கு வருஷம் சரியாக இருந்தது. 1993-94-ல் மட்டும் 'குட்'. மோசம் என்று எழுதினால்தான் ஊழியரிடம் சொல்வது வழக்கம். 'குட்' என்று எழுதியதை யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. ஒரு 'வெரி' இல்லாமல் புரமோஷன் போச்சு! கோர்ட் படியேறினார். 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: நல்லதோ கெட்டதோ, ரிப்போர்ட்டில் எழுதுகிற ஒவ்வொரு மதிப்பீட்டையும் அரசு ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆட்சேபிக்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது.

பிரைவேட் கம்பெனிக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாக உதவாது. பாடம் உதவும். அப்ரைசல் முடிந்ததும், 'தேங்க்யூ சார்' என்று எழுந்து வந்துவிடாதீர்கள். 'எதில் குறை சார், எழுத்தில் கொடுங்க' என்று கேட்டு வாங்குங்கள். திட்டுகிற மேனேஜரால் ஒருநாள் தூக்கம்தான் போகும். திட்டாமல் எழுதுகிறவரால் ஐந்து வருஷம் போகும்.

நல்ல மேனேஜரை எப்படிக் கண்டுபிடிப்பது? கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களை வைத்துச் செய்து, 1939-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதட்டி வேலை வாங்கிய தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. பையன்களையும் கலந்துகொண்டு முடிவெடுத்த தலைவர் போன பிறகும், வேலை கிட்டத்தட்ட அப்படியே நடந்தது.

ஆகவே சோதனை சுலபம். உங்கள் மேனேஜர் ஒருநாள் லீவ் போடட்டும். அன்றைக்கு ஆபீஸில் வேலை நடக்கிறதா, திருவிழா நடக்கிறதா? திருவிழா என்றால் அவர் எந்த ரகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு டீக்கடையில் நின்று மேனேஜரைக் கிழிக்கிற நீங்களும் ஒருநாள் அந்தச் சுழல் நாற்காலியில் உட்காரப்போகிறவர்தான். அப்போது ஐந்தே முக்காலுக்கு ஒரு பையன் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைப்பான். உங்களுக்கு ஒரு ஸ்டேட்மென்ட் ஞாபகம் வரும்.

பெல்லை அழுத்துமுன் கொஞ்சம் யோசியுங்கள். அதே டீக்கடை அங்கேயேதான் இருக்கும்!