முப்பது பேர் வட்டிக்கு

ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும் ரயிலுக்கு அடுத்த நிலையம் கொட்டகலை. தண்டவாளம் ஹட்டனை எட்டியது 1884இல். மறு ஆண்டே நானுஓயாவைத் தொட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இந்த மலைகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களின் கழுத்தில் ஒரு சிறு தகர வில்லை தொங்கியது. தகர டிக்கெட் என்று அதற்குப் பெயர். எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்று சொல்லும் எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். வழியில் சோறும் கிடைக்கும். கையில் காசு வேண்டியதில்லை. செலவுக் கணக்கு பிறகு தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைத் தொழிலாளியின் கடனாக எழுதிக்கொள்ளும்.

இன்றைய கடனட்டை செய்வதும் இதைத்தான். ஓர் எண்ணைச் சுமந்து செல்லும் பொருள், காசில்லாமல் ஒன்றைப் பெற்றுத் தருகிறது. கணக்கு பின்னால் வருகிறது. தகர டிக்கெட்டின் காலத்திலேயே அமெரிக்காவின் பெரிய கடைகளும் வாடிக்கையாளர்களுக்கு எண் பொறித்த உலோக வில்லைகளைக் கொடுத்துவந்தன. பல இடங்களில் செல்லுபடியான முதல் அட்டையான டைனர்ஸ் கிளப் வந்தது 1950இல்தான். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர் வீட்டுக்கு மாதாமாதம் பில் வந்தது. தகர டிக்கெட்டை அணிந்தவருக்குத் தன் கணக்கு எவ்வளவு என்றே தெரியாது. அது ஆள் திரட்டி வந்த கங்காணியிடமும் தோட்டத்துரையிடமும் இருந்தது. ‘துண்டு’ என்ற காகிதம் ஒன்றும் இருந்தது. இந்தக் கூட்டத்தின் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துரை எழுதித் தருவது அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் பேரம் பேசுவார். ஆள் இடம் மாறும்போதெல்லாம் கடனும் வளரும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறைக்கு முடிவு கட்டியது.

அந்தத் தோட்டங்களின் லயங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து ஆசிரியராகிறார்கள். கொழும்புக் கடைகளிலும் அலுவலகங்களிலும் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் கடனட்டையும் தேடி வருகிறது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

முன்பக்கத்தில் பெரும்பாலும் 16 இலக்கங்கள். 4இல் தொடங்கினால் வீசா. 5இல் தொடங்கினால் அநேகமாக மாஸ்டர்கார்ட். தொடக்க இலக்கங்கள் அட்டை தந்த வங்கியைக் காட்டும், நடுவில் இருப்பவை உங்கள் கணக்கை. கடைசி இலக்கம் மட்டும் யாரையும் குறிப்பதில்லை. அது சரிபார்ப்பு இலக்கம்: மற்ற 15 இலக்கங்களும் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உங்கள் அட்டையிலேயே சோதிக்கலாம். வலது ஓரத்து இலக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து இடப்பக்கமாக ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழியுங்கள். பிறகு 16 இலக்கங்களையும் கூட்டுங்கள். விடை பூச்சியத்தில் முடியும். ஒரே ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் முடியாது. இணையத்தில் எண்ணைத் தவறாகத் தட்டிய மறுகணமே, வங்கியைக் கேட்காமலேயே தளம் பிழை என்று சொல்வது இந்தக் கூட்டல் கணக்கால்தான்.

அட்டையில் மின்கலம் இல்லை. ஆனாலும் கடை இயந்திரத்தின் மேல் காட்டியதும் அதனுள் இருக்கும் கணினி விழித்துக்கொள்கிறது. ஆம், அந்தப் பொன்னிறச் சில்லு ஒரு முழுக் கணினி. பிளாஸ்டிக்கினுள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று ஓடுகிறது. இயந்திரம் தன்னைச் சுற்றி விநாடிக்கு ஒரு கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் திசைமாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தை எழுப்பும். மின்காந்தத் தூண்டல் என்னும் இதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டார். லக்சபானவில் விசையாழி சுழன்று மின்சாரம் பிறப்பதும் இதே விதியால்தான். அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு எழுந்து, தன்னிடமுள்ள இரகசியச் சாவியைக் கொண்டு அந்த ஒரு கொள்வனவுக்கு மட்டும் செல்லும் ஒரு குறியீட்டைக் கணித்து அனுப்புகிறது. யாராவது அதைத் திருடினாலும் அடுத்த கொள்வனவுக்கு உதவாது. பழைய காந்தப் பட்டையை நகலெடுத்தவர்களுக்கு இந்தச் சில்லு வழிவிடுவதில்லை.

குறியீடு கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து வீசா போன்ற வலையமைப்புக்கு, அதிலிருந்து அட்டை தந்த வங்கிக்கு. கடன் எல்லை மிஞ்சவில்லையா, அட்டை தொலைந்ததாக முறைப்பாடு உண்டா என்றெல்லாம் பார்த்து, ‘சரி’ என்ற பதில் வந்த வழியே திரும்புகிறது. கொட்டகலையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாகும். இந்தக் கேள்வியும் பதிலும் சில விநாடிகளில் போய்த் திரும்பிவிடும்.

எனக்கு இதையெல்லாம்விட அதிசயமாகத் தெரிவது அட்டைக்குப் பின்னால் இருக்கும் வட்டிக் கணக்கு. பில்லில் உள்ள முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கெடு வரைக்கும் சலுகைக் காலம்: பிறர் பணத்தை இலவசமாகப் பயன்படுத்தும் நாட்கள். வங்கி அதைச் சும்மா தருவதில்லை. கடைக்காரரிடம் ஒவ்வொரு விற்பனையிலும் சிறு பங்கு எடுத்துக்கொள்கிறது. முழுத்தொகையைக் கட்டாமல் கொஞ்சம் மீதி வைத்தால் பெரும்பாலான வங்கிகளில் சலுகையே போய்விடும். வாங்கிய நாளிலிருந்து நாள்கணக்கில் வட்டி ஏறும். அட்டையைப் போட்டுக் காசாக எடுத்தால் சலுகைக் காலமே கிடையாது.

பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு வரி இருக்கும். நிதானித்துப் படிக்க வேண்டிய வரி அதுதான். ஒரு லட்சம் ரூபா பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 28 சதவீதம். குறைந்தபட்சத் தொகை, வட்டியும் சேர்ந்த பாக்கியில் 5 சதவீதம். புதிதாக எதுவும் வாங்கவில்லை. முதல் மாதம் 5,117 ரூபா கட்டுகிறோம். அதில் 2,333 ரூபா வட்டிக்கே போகிறது. அடுத்த மாதம் பில் 4,974 கேட்கும், அதற்கடுத்த மாதம் இன்னும் குறைவாக. சுமை குறைகிறது என்று மனம் ஆறுதலடைகிறது. கடன் கரையும் வேகமும் கூடவே குறைவதை அந்த வரி சொல்வதில்லை. இரண்டு வருட முடிவில் கட்டியது ஏறத்தாழ 90,000 ரூபா. இன்னும் பாக்கி 50,000க்கு மேல். வட்டிக்குப் போனது 41,000 ரூபா. தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ போடுவார்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இந்த வட்டி மட்டுமே முப்பது பேர்: அம்மா முப்பது நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த சம்பளம்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். பில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், முதல் மாதம் கட்டிய அதே 5,117 ரூபாவை மாதாமாதம் கட்டினால்? 27ஆம் மாதத்தில் கடன் தீர்ந்துவிடுகிறது. குறைந்தபட்சத்தையே கட்டிக்கொண்டிருந்தவரிடம் அதே மாதத்தில் 46,000 ரூபாவுக்கு மேல் நிற்கும். முதல் மாதம் இருவரும் கட்டியது ஒரே தொகைதான். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. தீபாவளி முற்பணம் மாதம் ஒரே தொகையாகச் சம்பளத்தில் கழிகிறது. அடுத்த தீபாவளிக்கு முன் முடிந்துவிடுகிறது.

வட்டி வீதம் நிலையானதல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2022 நெருக்கடியில் அந்த வரம்பு நீங்கியதும் வீதங்கள் வேகமாக ஏறின. உங்கள் அட்டையின் இன்றைய வீதம் மாத பில்லிலேயே அச்சாகியிருக்கும்.

கடன் வரலாறும் இன்று ஓரிடத்தில் சேர்கிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், மக்கள் ‘கிரிப்’ என்று சொல்வது, வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் நீங்கள் எடுத்த கடன்களையும் கட்டிய, கட்டத் தவறிய தவணைகளையும் பதிந்து வைக்கிறது. நாளை வீடு கட்டவோ முச்சக்கரவண்டி வாங்கவோ கடன் கேட்டால் வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த அறிக்கையை உங்கள் பெயரில் நீங்களே கேட்டு வாங்கலாம். தம்பி, தங்கைமாரே, இரண்டாவது அட்டைக்குக் கையெழுத்துப் போடுமுன் அதை ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.